மேல்காது குத்திய பயணம்

எங்கள் கோம்பையில் வடக்கே போவதென்றால் இரண்டே காரணம்தான். ஒன்று வழக்கு, இன்னொன்று வேண்டுதல். ஊர் பார்க்கவென்று யாரும் வண்டி கட்டியதில்லை. எங்களுக்கு மூன்று பக்கமும் மலை, திறந்திருப்பது வடக்கு மட்டும்தான். மாப்பிள்ளையும் வியாபாரியும் அந்த வழியாகத்தான் வந்தார்கள், அம்மை நோயும் அந்த வழியாகத்தான் வந்தது என்று அப்பா சொல்வார். அவருக்கு வடக்கின் மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த ஒரு மாசியில் மூன்று பேர், இரண்டு மாடு, ஒரு நாய் என்று நாங்கள் வடக்கே புறப்பட்டோம். பெயருக்கு அது அப்பாவின் வேண்டுதல். முந்தின வருஷம் கோமாரி கண்டு வலத்து மாடு படுத்துவிட்டது. அது பிழைத்தெழுந்தால் அதையே பழனிக்கு நடத்திக்கொண்டு வந்து அடிவாரத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று அப்பா முருகனிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு முறை விஷக்காய்ச்சல் வந்தபோது அவர் வேண்டிக்கொண்டது வெறும் மொட்டை, அதுவும் உள்ளூர்க் கோயிலில். இதைப் பின்னாளில் நான் சொல்லிக் காட்டியபோது, "நீ வண்டி இழுப்பியா?" என்று கேட்டார்.

தேனிக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பஸ்ஸும் ஓடியது. ஆனால் மாட்டுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் கூண்டு வண்டியிலேயே போவதென்று முடிவாயிற்று. ஒரு மாதம் குடித்தனம் நடத்த வேண்டிய வண்டி என்பதால் அப்பா அதற்காக ஆசாரியோடு பத்து நாள் மெனக்கெட்டார். மூங்கில் பாயால் புதுக் கூண்டு போட்டார்கள். உள்ளே பக்கவாட்டில் ஒரு பலகை அடித்து, அதில் டம்ளர் உருளாமலிருக்கக் குழி தோண்டினார்கள். வண்டியின் அடிவயிற்றில் கயிற்று வலை கட்டி அதில் சோற்றுப் பானையையும் தண்ணீர்ப் பானையையும் விறகையும் தொங்கவிட்டார்கள். பின்பக்கம் ஏறி இறங்க ஒரு மரப்படி வைத்தார்கள். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்தால் மூன்று பேர் கால் நீட்டலாம்.

இடத்தைக் கெடுத்தவை இரண்டு பருத்திக்கொட்டை மூட்டைகள். மாட்டுக்கு ஒரு மூட்டை போதும், வைக்கோல்தான் வழியில் கிடைக்குமே என்று அம்மா சண்டை போட்டாள்.

"மாட்டுக்காகத்தான போறோம். அது பட்டினி கெடக்கவா?" என்றார் அப்பா.

"ஒரு மூடய எறக்குங்க. புள்ள எங்கன உக்காருவா?"

"மூட மேல உக்காரட்டும்."

பழனி வரை நான் மூட்டை மேல்தான் உட்கார்ந்து போனேன். ஆகவே அந்த மூட்டைகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அம்மாவின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்த ஊர் தேவதானப்பட்டிக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில், பழனி போகும் பாதையை ஒட்டியே இருந்தது. அவள் ஒன்பது வருஷமாக அங்கே போகவில்லை. காரணம் என் காது.

எனக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அது ஐப்பசி மாதம். பெரியகுளத்தில் வராக நதி இரு கரையும் புரண்டு ஓட, சீர்த்தட்டோடு புறப்பட்ட மாமா ஒரு பகல் முழுக்க அக்கரையில் நின்றிருக்கிறார். மறுநாள் கோம்பையில் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பொறுமை என்பது மாட்டிடம் மட்டும்தான். தன் பங்காளி ஒருவர் மடியில் என்னைத் தூக்கி வைத்து, ஆசாரியைக் குத்தச் சொல்லிவிட்டார். நான் போட்ட அலறல் தெருமுனையில் கேட்டபோது, மாமா மேளதாளத்தோடு தட்டைத் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார்.

பந்தல் வாசலிலேயே நின்று, "ஏன் மாப்ள, என் மடியில முள்ளா மொளச்சிருக்கு?" என்று மாமா கேட்டாராம்.

"உங்க மடி வந்து சேர்ற வரைக்கும் நல்ல நேரம் கைகட்டி நிக்குமா மச்சான்?" என்றாராம் அப்பா.

சொல்லுக்குச் சொல் ஏறியது. மாமா தட்டைக் கீழே வைக்காமலே திரும்பினார். அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதை ஊரே கேட்டது. "இனி உங்க வாசப்படிய மிதிச்சா என்னைய நாயின்னு கூப்பிடுங்க." மாமாவும் விடவில்லை. "நீங்க என் வாசப்படிய மிதிக்காம நான் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா அந்த ஊரின் பெயரையே சொன்னதில்லை. 'அந்த ஊர்' என்பார். புருஷன் போகாத ஊருக்குப் பெண்சாதி எப்படிப் போவது? எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து முப்பது நாளில் போய்விட்டது. அதற்கும் மாமா வரவில்லை, அப்பா சொல்லி அனுப்பவும் இல்லை. அம்மா அப்போதுகூட வாய் திறக்கவில்லை.

பயணத்துக்கு முந்தின மாதங்களில்தான் அவள் பேச ஆரம்பித்தாள். நான் வளர்ந்துகொண்டிருந்தேன். "இவ இன்னைக்கோ நாளைக்கோ உக்காந்துருவா. குச்சு யாரு கட்டுவா?" என்று அடுப்படியில் சத்தமாகக் கேட்பாள், அப்பா காதில் விழும்படி. பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குச்சு கட்டி அவளை உட்கார வைப்பதும், சீர் கொண்டுவருவதும் தாய்மாமன். அவன் வராத சடங்கை ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அம்மா வேறு வழி வைத்திருந்தாள். அவள் ஊரில் மாசிக் கடைசிச் செவ்வாய் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டும் நேரத்தில் அந்த ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும், அசலூர்க்காரராகவே இருந்தாலும், எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண் போகும், கால் போகும், மாடு போகும். அப்பா கண்ணையும் காலையும் பற்றிப் பயப்படுவாரோ இல்லையோ, மாட்டுக்குக் கட்டாயம் பயப்படுவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வண்டி அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். அம்மாவின் திட்டம் அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அப்பா அந்தத் திருவிழாவுக்கு மூன்று வருஷம் விருந்துக்குப் போயிருக்கிறார். அவருக்கு நாள் ஞாபகம் இருக்காதா என்று நான் கேட்டேன். "ஆம்பளைகளுக்குத் திருவிழான்னா கெடாக்கறிதான் ஞாபகம் இருக்கும், கெழம எங்க இருக்கப்போகுது" என்றாள்.

நேரே ஓட்டினால் ஐந்தாம் நாள் அந்த ஊரைத் தாண்டிவிடுவோம். புறப்பட்ட அன்றைக்கும் செவ்வாய்க்கும் இடையில் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளையும் அம்மா ஊர் பார்த்தே கழித்தாள். அதுவரை உத்தமபாளையம் சந்தையைத் தாண்டி எதையும் பார்க்க ஆசைப்படாதவள், கூண்டிலிருந்து தலையை நீட்டி ஒவ்வொன்றுக்கும் "அதென்ன, நிறுத்துங்க" என்றாள்.

உத்தமபாளையத்தில் சந்தனக்கூடு வந்திருந்தது. அப்பாவிடம் நெல் வாங்கும் ராவுத்தர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே வண்டியை அவிழ்க்கச் சொன்னார். மூங்கில் சட்டத்தில் கலர்த்தாளும் மல்லிகையும் வைத்துக் கூடு கட்டுவதை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். ராவுத்தர் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. இவ்வளவு நெய்யை நான் அதற்குமுன் ஒரே இலையில் பார்த்ததில்லை.

அடுத்தது குச்சனூர். சனி பகவானைப் பார்க்காமல் போகக் கூடாது என்றாள். "அவரு நம்மளப் பாக்காம இருக்கறதுதாண்டி நல்லது" என்றார் அப்பா. அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பார்ப்பதுதான் விசேஷம் என்று ஒரு நாள் காத்திருந்து எள்ளுச் சோறு வைத்தோம். காகங்கள் வந்து தின்றன. எங்கள் கோம்பை நாய் காகங்களை விரட்டிவிட்டுத் தானும் தின்றது. சனி அதைத்தான் பிடித்திருக்கும் என்று அப்பா சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அது அடுத்த வருஷம் காட்டுப்பன்றியிடம் மாட்டிச் செத்தது.

சின்னமனூரில் பார்க்க என்ன இருக்கிறது? மேகமலை. அதைத் தினமும் வீட்டுக் கொல்லையிலிருந்தே பார்க்கிறோம். அம்மா அதையும் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாள். மலை மேகத்துக்குள் போய்விட்டது, அது வெளியே வரட்டும் என்றாள். எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள், அவர்களிடம் மேலே குளிரா என்று கேட்டாள். குளிர்தான் என்றார்கள்.

வீரபாண்டியில் அப்பாவுக்குப் பொறுமை போனது. அங்கே திருவிழா சித்திரையில். நாங்கள் போனபோது கோயில் திடலில் இரண்டு ஆடுகள் மேய்ந்தன. சித்திரையில் ராட்டினம் எங்கே போடுவார்கள், தீச்சட்டி எந்த வழியாக வரும் என்று ஒரு பூ விற்கிறவளிடம் அம்மா விசாரித்துக்கொண்டே நின்றாள்.

"திருவிழா இல்லாத எடத்தையும் பாக்கணுமா?" என்றார் அப்பா.

"கூட்டம் இல்லாமப் பாத்தாத்தான கோயிலு தெரியும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மூட்டையைப் பார்த்தேன்.

தேனியில் ரயில் பார்த்தோம். அதை மட்டும் மூன்று பேருமே உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டோம். தண்டவாளத்துக்கு நூறடி தள்ளி வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். அது கரும்புகையோடு வந்து ஊதியதில் இடத்து மாடு மிரண்டு நுகத்தை முறிக்கப் பார்த்தது. கோமாரி கண்ட வலத்து மாடு அசையவில்லை. "முருகன் கண்ணுல பட்ட மாடு" என்றார் அப்பா. ரயில் போனபின் அம்மா கேட்டது ஒரே கேள்வி. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் இது நிற்காதா? நிற்காது, பாலம் போட்டிருக்கிறார்கள் என்றார் அப்பா.

பெரியகுளத்தில் வராக நதியைக் கடக்கும்போது அம்மா இறங்கி நடந்தாள். மாசியில் ஆறு கணுக்கால் அளவுதான். நடுவில் நின்று, "இங்கனதான் எங்கண்ணன் ஒரு பகலு பூரா நின்னுருக்காக" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்பா வண்டியை நிறுத்தினார். கரையில் இருந்த வேலமரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, பழைய வெள்ளத்தின் செத்தை இன்னும் சிக்கிக் காய்ந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மாட்டைத் தட்டிவிட்டார்.

தேவதானப்பட்டியில் காமாட்சியம்மன் கோயிலில் மாசித் திருவிழா முடிகிற நாள். அந்தக் கோயிலில் அம்மனைப் பார்க்க முடியாது. கதவு எப்போதும் அடைத்தே இருக்கும், அடைத்த கதவுக்குத்தான் மாலை, தீபம், தேங்காய் எல்லாம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு கதவைப் பார்ப்பதா என்று கேட்டேன்.

"உள்ள ஆளு இருக்கில்ல. கதவு அடச்சிருந்தா என்ன, இருக்கிறவுக இல்லாமயா போயிருவாக?" என்றாள் அம்மா.

அப்பா கையைக் கூப்பி வெகுநேரம் நின்றார். அந்தக் கூட்டத்தில் அவ்வளவு நேரம் நிற்கிற ஆள் அவர் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேவதானப்பட்டியை விட்டுப் புறப்பட்டோம். அம்மா பிறந்த ஊரின் எல்லைக்கல் தெரிந்ததும், வெயில் சாய்கிற நேரம், தண்ணீர்ப் பானை உடைந்தது. உடைத்ததை நான் பார்த்தேன். கயிற்று வலைக்குள் இருந்த பானையை அம்மா இறங்கி நடந்தபடியே ஒரு கல்லால் தட்டினாள். தட்டிவிட்டு, "ஐயையோ, பான போச்சே" என்று கத்தினாள். அவளுக்கு நடிப்பு வராது. குரல் ஒரு இடத்திலும் முகம் ஒரு இடத்திலும் இருந்தது.

"தண்ணியில்லாம எப்பிடிப் போறது? கம்மாயில மாட்டுக்குக் காட்டிட்டு ஒரு பான வாங்கிட்டுப் போயிருவோம்" என்றாள்.

அப்பா எல்லைக்கல்லைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "தண்ணி குடிக்கணும்ல" என்று சொல்லி வண்டியைக் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் அவிழ்த்தார். ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். மாடு தண்ணீரில் வாய் வைத்துக்கொண்டிருக்கும்போதே கோயில் பக்கம் மேளம் கொட்டியது. பிறகு தலையாரி கண்மாய்க்கரையிலேயே சொல்லிக்கொண்டு போனான். அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, ஊரில் யாரும் தாளிக்கக் கூடாது, உலக்கை போடக் கூடாது, எல்லை தாண்டக் கூடாது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷ ஆசை அந்த நிமிஷத்தில் இருந்தது, அவர் வீம்பாக நுகத்தைத் தூக்கி மாட்டின் கழுத்தில் வைத்தால் எல்லாம் போயிற்று. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எட்டு நாளா?"

"எட்டு நாளு" என்றாள் அம்மா.

"நீயும் புள்ளயும் போங்க. நான் வண்டியில இருக்கேன். எனக்கு இதுதான் வீடு."

அம்மா அழுதுகொண்டே ஓடினாள். நடக்கவில்லை, முப்பது வயதுப் பெண்பிள்ளை ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். எங்களுக்கு முன்னால் நாய் ஓடியது. மாமா வீட்டு வாசற்படியில் முதலில் கால் வைத்தது அதுதான். "மாப்ள வரல, நாய் வந்திருக்கு" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் தலையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. எனக்கு அவர் முகம் ஞாபகமில்லாத முகம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார்.

அதன்பின் ஏழு நாள், ஒரு வீட்டில் பகல், ஒரு வண்டியில் ராத்திரி என்று நாங்கள் நடந்தோம். ஊர் பார்க்கப் போன எங்களை ஊரே வந்து பார்த்தது. கூண்டுக்குள் குடித்தனம் நடத்தும் மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண்கள் முளைப்பாரிக்குத் தண்ணீர் எடுக்கும் சாக்கில் வந்தார்கள். அப்பா பலகையையும் டம்ளர்க் குழியையும் எல்லோருக்கும் காட்டினார். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. மாமா வீட்டுச் சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால், அம்மா அங்கிருந்து கொண்டுவந்ததை இங்கே ஒரு முறை அடுப்பில் வைத்து இறக்கி, தான் பொங்கியதாகச் சொன்னாள். காணம் என்கிற கொள்ளுத் துவையலை எங்கே அரைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. வண்டியில் அம்மி கிடையாது.

ஐந்தாம் நாள் காலையில் மாமா தன் மாடுகளைக் கண்மாய்க்கு ஓட்டிவந்தார். தினமும் வேலையாள் ஓட்டிவரும் மாடுகள் அவை. மாமா புளியமரத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, எங்கள் நாயிடம் பேசினார்.

"ஏலே, உங்க வீட்டுல எல்லாரும் சௌரியமா? கொசு கிசு கடிக்குதா?"

அப்பா வலத்து மாட்டின் கழுத்தைச் சொறிந்தபடி மாட்டிடம் சொன்னார். "கேக்கறவுகளுக்குச் சொல்லு. காத்து நல்லா வருது, கொசு இல்ல."

நாயும் மாடும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா கூண்டுக்குள் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு கெழட்டுப் பயலுகளும் இன்னும் மூணு நாள்ல என்னத்தக் கிழிக்கப்போறாக" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அன்று ஒரு முறைதான். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தாயிற்று, ஆனால் பார்த்ததோடு முடிந்துவிட்டால் குச்சு கட்ட அவர் கோம்பைக்கு வரப்போவதில்லை. இவர் அந்தப் படியை மிதிக்கப்போவதில்லை. எட்டு நாளும் வீணாகி வண்டி பழனிக்குப் போய்விடும்.

ஏழாம் நாள் பொங்கல். கோயிலுக்கு முன்னால் நேர்த்திக்கடனுக்குக் குழந்தைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். மாமன்மார் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார, ஆசாரி ஒவ்வொரு மடியாக நகர்ந்துபோனார். சாமி கும்பிட அப்பாவும் வந்தார், கோயில் யாருடைய வாசற்படியும் இல்லை என்பதால். மாமா ஒரு ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு வேறு அக்காள் தங்கை இல்லை. அந்த மடியில் உட்கார அந்த ஊரில் குழந்தை கிடையாது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னிடம், "உங்க மாமன் அங்கன நிக்கிறாக பாரு. போயி மடியில உக்காரு" என்றார்.

"எனக்குத்தான் காது குத்தியாச்சே."

"மேல்காது குத்தலயில்ல. போ."

எங்கள் பக்கம் பெண்களுக்குக் காதின் மேல் மடலிலும் குத்துவதுண்டு. ஆனால் அதற்கு யாரும் மடியில் உட்காருவதில்லை. பன்னிரண்டு வயதில், பாவாடை தாவணி கட்டப்போகிற வயதில், நான் அத்தனை பேருக்கு நடுவில் நடந்துபோய் மாமாவின் முன்னால் நின்று, "அப்பா உங்க மடியில உக்காரச் சொன்னாக" என்றேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மேளக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்ததும், "அடி ஆத்தா, கல்லுக்குண்டால்ல இருக்க" என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிப் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவரச் சொன்னார். அவள் கொண்டுவந்து கொடுத்ததை அவர் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு சின்னப் பொன் வளையங்கள், காதுவாளி என்போம். மூன்று வயதுக் குழந்தையின் காதுக்கு அளவெடுத்துச் செய்தவை.

"தட்டுல வச்சுத் தூக்கியாந்தது. தட்டோட திரும்பிருச்சு" என்றார் மாமா, ஆசாரியிடம்.

ஆசாரி வாளியை என் கீழ்க்காதில் வைத்துப் பார்த்தார். "இதுக்குப் பத்தாது." பிறகு மேல் மடலில் வைத்தார். "இங்கன அளவெடுத்தாப்புல இருக்கு."

மேல்காது குருத்தெலும்பு. கீழ்க்காதைவிட அது எவ்வளவு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மூன்று வயதில் போட்ட அதே அலறலைப் போட்டேன். மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் கன்னத்தில் ஈரம் பட்டது, ரத்தம் என்று நினைத்து இன்னும் கத்தினேன். ரத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அப்பா எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எறங்கு, அவுக காலு மரத்துப் போயிரும்" என்றார் என்னிடம்.

"இருக்கட்டும் மாப்ள. பாரம் தெரியல" என்றார் மாமா.

மறுநாள் காப்பு அவிழ்த்ததும் மாமா புளியமரத்தடிக்கு வந்தார். வண்டியின் பின்படியில் கால் வைக்காமல் நின்று, "குச்சு கட்ட நான்தான் வருவேன்" என்றார். "வராமப் பின்ன? வேற ஆளா கட்டும்?" என்றார் அப்பா. அடுத்த ஆனியில் நான் பெரியவளானபோது மாமா தன் சபதத்தை விட்டுவிட்டு ஒரு வண்டிப் பச்சை ஓலையோடு கோம்பைக்கு வந்தார். அந்த ஓலையை எங்கள் ஊரிலேயே வெட்டியிருக்கலாம். அவருக்கு மறுபடி தாமதமாகிவிடுமோ என்று பயம், சடங்குக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் அப்பா சாகும்வரை மாமா வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. எப்போது போனாலும் புளியமரத்தடியில் வண்டிதான், மாமா அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். சொன்ன சொல் சொன்னதுதான்.

அன்று நாங்கள் புறப்பட்டபோது மாமா வீட்டிலிருந்து அரிசி, கருப்பட்டி, காணம் என்று வண்டி நிறைய ஏற்றியிருந்தார்கள். எல்லைக்கல்லைத் தாண்டியதும் அம்மா பானை உடைத்த கதையை என் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். குத்திய காது, வலித்தது. உங்க அப்பாவை நான் மாட்டைப் பிடித்துக் கட்டுவது போலக் கட்டிப்போட்டேன் என்றாள். பிறகு கருப்பட்டிப் பெட்டியை வைக்க இடம் தேடி, நான் உட்கார்ந்திருந்த மூட்டைக்குப் பின்னாலிருந்த இரண்டாவது மூட்டையை நகர்த்தினாள். அது அவள் கையோடு வந்துவிட்டது. வெறும் சாக்கு. எட்டு நாளில் மாடுகள் அதைத் தின்று தீர்த்திருந்தன. அடியில் ஒரு பிடி பருத்திக்கொட்டைகூட மிச்சமில்லை.

அம்மா சாக்கைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

"பழனிக்குப் போயிட்டு வர ஒரு மூட போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல. ரெண்டாவத எதுக்கு ஏத்துனீக?"

அப்பா திரும்பவில்லை. மாட்டின் முதுகைத் தட்டினார்.

"எட்டு நாளு கட்டுத்தறியில நிக்கிற மாட்டுக்கு எதப் போடறதாம்?"

இடது பக்கம் மலை, வலது பக்கம் தேர் பார்க்கப் போகும் கூட்டம், கொட்டு, வாழைமரம் கட்டிய வண்டிகள், எல்லாம் வந்து வந்து போயின. வத்தலக்குண்டு போய்ச் சேரும்வரை அம்மா சாக்கில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள். எதையும் பார்க்கவில்லை.